பழைய ஸ்பாஞ்ச் புது டேங்க்ல என்ன வேலை பண்ணுது?

புது டேங்க் வாங்கி, மணலைக் கழுவிப் போட்டு, தண்ணி ரொப்பி, ஃபில்டரை ஓடவிட்டு மறுநாளே மீனை விட்டுடுறாங்க. தண்ணி கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்கும், ஆனா நாலஞ்சு நாள்ல மீன் மேல வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பிக்கும், ஒவ்வொண்ணா போயிடும். பாவம், கடைக்காரர் நல்ல மீன் குடுக்கலன்னு அவர்மேல கோவம் வரும். நிறைய தடவை அந்த மீன்ல ஒரு குறையும் இருந்திருக்காது, அது விடுற கழிவைத் தின்னு தீர்க்க வேண்டிய பாக்டீரியா அந்த டேங்க்ல இன்னும் வந்து சேரல, அவ்ளோதான் விஷயம். அது தானா வந்து பெருகணும்னா நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். ஏற்கனவே நல்லா ஓடிட்டு இருக்குற டேங்க்ல இருந்து ஃபில்டர் ஸ்பாஞ்சோ செராமிக் ரிங்கோ எடுத்துட்டு வந்து போட்டா சில நாள்லயே முடிஞ்சிடும், சில சமயம் அன்னைக்கே மீன் விடலாம். ஆனா "பழைய ஸ்பாஞ்ச் போட்டேன், அப்பவும் மீன் செத்துச்சு"ன்னு சொல்றவங்களும் நிறைய பேரு. ரெண்டுமே உண்மைதான், ஏன்னு புரிஞ்சுக்கணும்னா உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கணும்.

மீன் அதோட கழிவுல பெரும்பகுதியை செவுள் வழியா அம்மோனியாவா வெளிய விடுது, மூச்சு விடுற மாதிரி அது நாள் பூரா நடந்துட்டே இருக்கும், மிச்சம் மீதி தீனி அழுகுனாலும் அதே அம்மோனியாதான் வரும். தண்ணில இது ரெண்டு வடிவத்துல இருக்கும், ஒண்ணு அம்மோனியம், அது அவ்வளவா ஒண்ணும் பண்ணாது, இன்னொண்ணு தனி அம்மோனியா, அதுதான் விஷம், செவுளையே அரிச்சிடும். எது எவ்வளவுன்னு முடிவு பண்றது பிஹெச்சும் (தண்ணியோட அமில, கார அளவு) சூடும்தான். 25 டிகிரில பிஹெச் 7 இருந்தா மொத்தத்துல 1 சதவீதம் கூட விஷ வடிவத்துல இருக்காது, பிஹெச் 8 ஆச்சுன்னா 5 சதவீதத்துக்கு மேல போயிடும், தண்ணி 30 டிகிரின்னா இன்னும் கூடி 7 சதவீதத்தையும் தாண்டும். நம்ம ஊர் போர் தண்ணி பல இடத்துல பிஹெச் 8 பக்கம்தான், வெயில் காலத்துல டேங்க் 30 டிகிரிக்கு சாதாரணமா ஏறிடும், அதனால அதே அளவு அம்மோனியா இருந்தாலும் நம்ம டேங்க்ல மீனுக்கு அடி பலமா விழும்.

இந்த அம்மோனியாவை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனோட ரத்தத்துல ஏறி ஆக்சிஜன் சுமக்க விடாம பண்ணிடும், ரத்தமே பழுப்பா மாறிடும், தண்ணில ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறும். நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்தில்ல, வாரா வாரம் தண்ணி மாத்துனா சமாளிச்சிடலாம், செடியும் கொஞ்சம் இழுத்துக்கும்.

1890 வாக்குல வினோகிராட்ஸ்கிங்குற ரஷ்ய விஞ்ஞானி இந்த வகை பாக்டீரியாவைத் தனியா பிரிச்சுக் காட்டுனாரு. அதுக்கப்புறம் ரொம்ப காலம் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர்னு ரெண்டு பேரை மட்டும்தான் எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க. 1998ல ஹோவானெக்ங்குற ஆராய்ச்சியாளரோட குழு டேங்க் ஃபில்டர்லயே தேடிப் பாத்துட்டு, நைட்ரைட்டைத் தின்றது நைட்ரோபாக்டர் இல்ல, நைட்ரோஸ்பைராங்குற வேற இனம்னு சொன்னாங்க. 2005ல சியாட்டில் அக்வேரியத்துல ஒரு கடல் டேங்க்கோட கூழாங்கல்லுல இருந்து, பாக்டீரியா வகையிலயே சேராத ஆர்க்கியாங்குற வேற வகை நுண்ணுயிர் அம்மோனியாவைத் தின்னுட்டு இருக்குறதைக் கண்டுபிடிச்சாங்க. 2015ல அம்மோனியால இருந்து நைட்ரேட் வரைக்கும் ரெண்டு வேலையையும் ஒரே ஆளா பண்ற நைட்ரோஸ்பைரா கிடைச்சுது, அதைக் கண்டுபிடிச்ச ரெண்டு குழுல ஒண்ணுக்கு அது மாட்டுனது மீன் வளர்ப்புத் தொட்டியோட ஃபில்டர்லதான். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது இதுதான், விஞ்ஞானிங்களுக்கே பிடிபட நூறு வருஷத்துக்கு மேல ஆன ஒரு கூட்டம், ஒரு சாதாரண ஸ்பாஞ்சுக்குள்ள யாரும் கவனிக்காம வேலை பாத்துட்டு இருக்கு. எந்தெந்த இனம் எவ்வளவுங்குறது டேங்க்குக்கு டேங்க் மாறும், அந்தக் கலவையை நம்மளால அளந்து போட முடியாது, ஆனா ஸ்பாஞ்சை அப்படியே தூக்கிட்டு வந்தா மொத்தக் கலவையும் கூடவே வந்துடும்.

அது ஏன் ஸ்பாஞ்ச், பழைய தண்ணியைக் கொண்டு வந்து ஊத்துனா போதாதான்னு கேப்பாங்க. போதாது. இந்த உயிரிங்க தண்ணில மிதந்துட்டு அலையாது, எங்கயாவது ஒட்டிக்கிட்டு, தன்னைச் சுத்தி ஒரு பசையை விட்டு, ஒரு படலமா வாழும், தண்ணில இருக்குறது ரொம்பக் கொஞ்சம். ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்து விரலால அழுத்திப் பாருங்க, பழுப்பா ஒரு குழம்பு வெளிய வரும், அது பாதி தூசி, பாதி உயிர், அந்தக் குழம்பு வந்த பின்னாடியும் ஸ்பாஞ்ச் வழவழன்னு இருக்கும், அந்த வழவழப்புதான் நமக்கு வேணும். மோந்து பாத்தா மழை பெஞ்ச மண்ணு வாசம் வரணும். அழுகுன முட்டை நாத்தம் வந்துச்சுன்னா உள்ள ஆக்சிஜன் போகாம வேற பாக்டீரியா குடியேறிடுச்சுன்னு அர்த்தம், அந்த ஸ்பாஞ்சை விட்டுடுங்க. அதே மாதிரி, அந்தக் குழம்பை மட்டும் புது டேங்க்ல பிழிஞ்சு விடுறதும் ஓரளவுக்குத்தான் உதவும், ஒட்டிட்டு இருந்ததுல கொஞ்சம்தான் பிழிச்சல்ல வரும், வந்ததும் மறுபடி ஒரு இடம் பிடிச்சு ஒட்டணும்.

இதைப் பலரும் தயிருக்கு உறை ஊத்துற மாதிரின்னு சொல்றாங்க. பாதி சரி, ஆனா அந்தப் பாதியை நம்பித்தான் மீன் போகுது. பால்ல ஒரு ஸ்பூன் மோர் விட்டா விடியறதுக்குள்ள தோஞ்சிடும், ஏன்னா தயிர் பாக்டீரியா மடமடன்னு பெருகும். நம்ம ஆளுங்க ரொம்ப நிதானம், நல்ல சூழ்நிலைல கூட ரெட்டிப்பாக அரை நாள், ஒரு நாள், சில இனத்துக்கு அதுக்கும் மேல ஆகும். அதனால உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சைப் போட்டுட்டு இருபது மீன் விட்டா அது பெருகி வர்றதுக்குள்ள அம்மோனியா முந்திடும். இன்னொண்ணு, ஸ்பாஞ்ச்ல எவ்வளவு பாக்டீரியா இருக்குங்குறதை ஸ்பாஞ்சோட சைஸ் மட்டும் முடிவு பண்ணாது, அதுக்கு தினமும் கிடைச்ச சாப்பாடுதான் முடிவு பண்ணும். நாலு கப்பி (குட்டி குட்டி மீன்) இருக்குற டேங்க்ல எவ்வளவு பெரிய ஸ்பாஞ்ச் ஓடுனாலும் நாலு கப்பிக்கான பாக்டீரியாதான் அதுல உயிரோட இருக்கும். அந்த ஸ்பாஞ்சைக் கொண்டு வந்து நாலு கோல்ட்ஃபிஷ்ஷுக்கு வச்சா தாங்காது, கோல்ட்ஃபிஷ் தின்றதும் கழிக்கறதும் அத்தனை அதிகம். பத்து மீன் டேங்க்கோட மீடியால, அதாவது ஃபில்டருக்குள்ள இருக்குற ஸ்பாஞ்ச், ரிங்ல, மூணுல ஒரு பங்கை எடுத்தா சுமாரா மூணு மீனுக்கான வேலைக்காரங்க உங்க கைக்கு வந்திருக்காங்கன்னு எடுத்துக்கலாம். குடுத்த டேங்க்லயும் அந்தளவு குறைஞ்சு போச்சு, அதை மறந்துடக்கூடாது, அங்க ஒரு வாரம் தீனியைக் குறைச்சுப் போடச் சொல்லுங்க, மூணுல ஒரு பங்குக்கு மேல கேக்காதீங்க.

கொண்டு வர்ற வழியிலதான் நிறைய பேரு கெடுத்துடுறாங்க. ஒரு பாட்டில்ல தண்ணி முழுக்க ரொப்பி, ஸ்பாஞ்சை உள்ள திணிச்சு, மூடியை டைட்டா மூடி, வெயில்ல நிக்குற வண்டில ரெண்டு மணி நேரம் வச்சிருப்பாங்க. இந்த பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் அவ்ளோ வேணும், அம்மோனியால இருக்குற 1 கிராம் நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நாலரை கிராமுக்கு மேல ஆக்சிஜன் இழுக்கும், மூடுன பாட்டில்ல இருக்குறதை சீக்கிரமே காலி பண்ணிடும். ஈரத்தோட ஒரு கவர்ல போட்டு, நிறைய காத்து விட்டுக் கட்டிக் கொண்டு வாங்க, நிழல்ல வைங்க, காயக்கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் குழாயில அலசாம நேரா ஃபில்டர்ல வைங்க. மெட்ரோ தண்ணில குளோரின் இருக்கும், அது கிருமியைக் கொல்லவே போடறது, நம்ம பாக்டீரியாவையும் விட்டு வைக்காது, அதனால புது டேங்க் தண்ணிக்கு முன்னாடியே ஆன்ட்டி குளோரின் போட்டிருக்கணும். ஃபில்டர் வேற சைஸா இருந்து உள்ள போகலன்னா ஒரு வலைப் பைல போட்டு, தண்ணி வந்து விழுற இடத்துக்குக் கீழ தொங்க விடுங்க. அவசரம் இல்லாதவங்களுக்கு இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, புது டேங்க் வாங்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே புது ஸ்பாஞ்சை ஃப்ரெண்டோட டேங்க்ல ஓட விட்டுடுறது, அவர் டேங்க்ல எதையும் பிச்சு எடுக்க வேண்டியதில்ல.

வச்சாச்சு, இப்ப வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? மீனை விட்டுப் பாக்க வேண்டாம், அம்மோனியம் குளோரைடு போட்டுப் பாருங்க, ஈயம் பூசறவங்க வச்சிருக்குற நவச்சாரம் அதேதான், ஆனா டேங்க்குக்கு லேப்ல விக்குற சுத்தமானதை வாங்குங்க. 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டா அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) பக்கம் வரும். 24 மணி நேரம் கழிச்சு டெஸ்ட் கிட்ல அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுமே ஜீரோ காட்டுனா டேங்க் தயார். அம்மோனியா ஜீரோ ஆகி நைட்ரைட் மட்டும் ஏறி நிக்குதுன்னா ரெண்டாவது கூட்டம் இன்னும் பத்தல, அது பெருகறது பொதுவா மெதுவாத்தான், தினமும் அளந்துட்டே காத்திருங்க. அம்மோனியா டெஸ்ட்டை மட்டும் பாத்துட்டு மீன் விடறவங்க இந்த இடத்துலதான் மாட்டறாங்க. அவசரத்துல மீன் உள்ள இருக்கும்போதே நைட்ரைட் ஏறிடுச்சுன்னா தண்ணி மாத்துங்க, கூடவே கொஞ்சம் கல்லுப்பு போட்டா அதுல இருக்குற குளோரைடு செவுள் வழியா நைட்ரைட் உள்ள போறதைத் தடுக்கும். நடுவுல தண்ணி வெள்ளையா கலங்குனா பயப்படாதீங்க, அது மிச்ச சத்தைத் தின்னு பெருகுற வேற பாக்டீரியா, தானா தெளிஞ்சிடும், ஆனா அதைப் பாத்து டேங்க் ரெடியாயிடுச்சுன்னும் நினைச்சுடாதீங்க.

கேன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ மட்டும் ஊத்தறவங்களுக்கு ஒரு தனி சிக்கல் இருக்கு. இந்த வேலை நடக்கும்போது அமிலம் உண்டாகும், அதைத் தாங்கறது தண்ணில கரைஞ்சிருக்குற கார்பனேட், அம்மோனியால இருக்குற 1 கிராம் நைட்ரஜன் மாறறதுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்குல பாத்தா, 7 கிராம் தீர்ந்து போகும். ஆர்ஓ தண்ணில அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதனால பிஹெச் இறங்கிட்டே வரும், 6க்குக் கீழ போச்சுன்னா பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திடும், எவ்வளவு நல்ல ஸ்பாஞ்ச் கொண்டு வந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. கொஞ்சம் போர் தண்ணி கலந்துக்கலாம், இல்ல ஃபில்டர்ல ஒரு கைப்பிடி கிளிஞ்சல் போட்டு வைக்கலாம், அது மெல்லக் கரைஞ்சு ஈடு குடுக்கும்.

யார் டேங்க்ல இருந்து எடுக்கறோம்ங்குறதும் முக்கியம், ஏன்னா ஸ்பாஞ்சோட நோயும் வரும். வெள்ளைப் புள்ளி நோயோட ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி எங்கயாவது ஒட்டிக்கிட்டுத்தான் குட்டி போடும், அது ஸ்பாஞ்சாவும் இருக்கலாம். மாசக்கணக்கா புது மீன் சேக்காத, மருந்து போடாத, மீன் நல்லா துள்ளிட்டு இருக்குற டேங்க்கா பாருங்க. கடை டேங்க்ல மீன் தினமும் வந்து போகும், மருந்தும் விழும், அதனால கடை ஸ்பாஞ்சை நான் கடைசி வழியாத்தான் சொல்வேன்.

மீன் விட்டாச்சுன்னாலும் பழைய ஸ்பாஞ்சை உடனே எடுத்துடாதீங்க, பக்கத்துல இருக்குற புது மீடியால படலம் பிடிக்க ஒண்ணு ரெண்டு மாசம் ஆகும், அது வரைக்கும் மொத்த பாரமும் அது மேலதான். அழுக்கு ஏறி தண்ணி சரியா போகலன்னா டேங்க்ல இருந்தே ஒரு மக்கு தண்ணி எடுத்து அதுல லேசா ரெண்டு தடவை பிழிஞ்சு வைங்க. கரண்ட் போய் கேனிஸ்டர் ஃபில்டர் (டேங்க்குக்கு வெளிய மூடுன டப்பாவா இருக்குறது) சில மணி நேரம் நின்னுருந்தா அப்படியே ஆன் பண்ணாதீங்க, உள்ள தேங்குன கெட்ட தண்ணியை முதல்ல வெளிய ஊத்திட்டு ஓட விடுங்க. மேற்கொண்டு மீன் சேக்கும்போது ரெண்டு மூணா சேத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாத்துட்டு அடுத்ததை விடுங்க.