பழைய பாஸ்வேர்டும் புதிய மிரட்டலும்

2018-ன் நடுவில் பல நாடுகளில் ஏராளமானவர்களுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி மின்னஞ்சல் வந்தது. தலைப்பிலோ முதல் வரியிலோ அவரவர் எப்போதோ வைத்திருந்த பாஸ்வேர்டு. "உன் கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்துவிட்டேன். பிட்காயினில் பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் நண்பர்களுக்கு அனுப்புவேன்." வீடியோ என்று எதுவும் கிடையாது. பாஸ்வேர்டு மட்டும்தான் நிஜம். அந்த ஒரு நிஜத்தைப் பார்த்து அரண்டுபோய்ப் பணம் கட்டியவர்கள் உண்டு.

இப்படிப் பாஸ்வேர்டுகள் வெளியே போவதற்கு, வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்ட்இன் நல்ல உதாரணம். 2012 ஜூனில் அதன் உறுப்பினர்களின் சுமார் 65 லட்சம் பாஸ்வேர்டுகள் 'ஹாஷ்' வடிவில் கசிந்தன. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதை ஒரே நீளமுள்ள எழுத்துக் கோவையாக மாற்றும் கணக்குதான் ஹாஷ். விடையிலிருந்து சொல்லுக்குத் திரும்ப வழியில்லை. ஆனால் திருடன் திரும்பத் தேவையும் இல்லை. பெயர்கள், தேதிகள், அகராதிச் சொற்கள் என்று எல்லாவற்றையும் அதே கணக்கில் போட்டு, வரும் விடை திருடிய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். லிங்க்ட்இன் அப்போது பயன்படுத்திய எஸ்ஹெச்ஏ-1 மிக வேகமான கணக்கு; கிராஃபிக்ஸ் கார்டுகள் அதை விநாடிக்குக் கோடிக்கணக்கில் போட்டுத் தள்ளும். போதாததற்கு, உறுப்பினருக்கு உறுப்பினர் மாறும் சில எழுத்துகளைக் கலந்து குழப்பும் 'சால்ட்' முறையும் அங்கே இல்லை. அதனால் 123456 என்று வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே ஹாஷ். ஒன்றை உடைத்தால் எல்லாமே போச்சு.

2016-ல் அதே பழைய திருட்டிலிருந்து 11.7 கோடிப் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் பாஸ்வேர்டு ஹாஷ்களும் விற்பனைக்கு வந்தன. நடுவில் நான்கு வருடம்! நாம் மறந்த பிறகும் தரவு கைமாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

பாஸ்வேர்டையாவது மாற்றிவிடலாம். பிறந்த தேதியை? 2021-ல் விமான நிறுவனங்களுக்குக் கணினிச் சேவை தரும் சிட்டா நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில், ஏர் இந்தியாவின் சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரங்கள் சிக்கின. பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம், அடிக்கடி பறப்பவர்களுக்கான உறுப்பினர் திட்டத் தகவல் எல்லாம் அதில் இருந்தன. இவை கையில் இருந்தால், "சார், உங்க மைல்ஸ் பாயிண்ட்ஸ் நாளையோட காலாவதி ஆகுது, ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்று பேசுவது எவ்வளவு எளிது! இப்படிப் பேசுபவர் கேட்பதைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் அவரிடம் இருக்கிறது, ஓடிபிதான் இல்லை. உங்கள் விவரங்களைச் சரியாகச் சொன்னார் என்பதால் அவர் அந்த நிறுவனத்து ஆள் ஆகிவிட மாட்டார்.

பேச்சை அங்கேயே துண்டித்துவிட்டு, உங்கள் கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால், இந்தியாவில் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண். அப்புறம் ஒரு சின்ன உத்தி: ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் நிறுவனத்தின் பெயரும் சேர்த்து முகவரி கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். நகைக்கடைக்குக் கொடுத்த முகவரிக்கு லாட்டரிப் பரிசு அறிவிப்பு வந்தால், எங்கிருந்து கசிந்திருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.