காதில் 5 ஊசி: முகாமில் ஒரு தன்னார்வலர் எதைக் கற்க வேண்டும்?

தர்மபுரி மாவட்டத்தில் நாகாவதி அணைப் பக்கமும் வாணியாறு அணைப் பக்கமும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். இப்படி ஒரு முகாமில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களுக்குக் காதில் அக்குபஞ்சர் ஊசி போட்டு மனவடுவின், அதாவது போரும் பேரிடரும் மனதில் விட்டுப்போன காயத்தின், தொல்லையைக் குறைக்கப் பழக்க முடியுமா? நேபாளத்தில் 2015 பூகம்பத்துக்குப் பிறகும், அதற்கு முன்பு ஹைட்டியிலும் செய்திருக்கிறார்கள். இங்கே செய்வதாக இருந்தால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் மனவடு. போரில் ஷெல் குண்டு விழுந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். தீபாவளிக்கு யாரோ அணுகுண்டு வெடி வைத்தால் போதும், உடம்பு தூக்கிப்போடும். மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை மோப்பம் பிடிக்கிறது. அது எச்சரித்ததும் பரிவு நரம்பு மண்டலம் அட்ரினலினைக் கொட்ட வைக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசை இறுகுகிறது, தூக்கம் கலைகிறது. ஆபத்து போன பிறகு இதை அடக்க வேண்டியது எதிரணியான துணைப்பரிவு மண்டலம். அதன் முக்கியக் கம்பி வேகஸ் நரம்பு. மனவடு ஆழமாக இருப்பவர்களிடம் இந்த அடக்கும் வேலை சரியாக நடப்பதில்லை. அவர்கள் மருத்துவரிடம் ‘மனசு சரியில்லை’ என்று வருவது குறைவு. நெஞ்சு படபடக்குது, தலையிடி, நித்திரை இல்லை என்றுதான் சொல்வார்கள்.

நடந்ததைச் சொல்லச் சொன்னால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பயிற்சி பெற்ற நிபுணர் படிப்படியாகச் செய்தால் அது நல்ல சிகிச்சை. ஆனால் பேரழிவு முடிந்த கையோடு எல்லோரையும் உட்கார வைத்து ஒரே அமர்வில் கதையைக் கறக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. காது ஊசியின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, 30 முதல் 45 நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போகலாம்.

இந்த முறை பிறந்தது போதை ஒழிப்பில். 1972-இல் ஹாங்காங்கில் எச்.எல்.வென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் வலி குறைக்க ஊசியில் மின்சாரம் செலுத்தியபோது, அபின் பழக்கமுள்ள நோயாளிக்கு அதை விடும்போது வரும் வேதனையும் தணிவதைக் கவனித்தார். நியூயார்க்கில் சவுத் பிராங்க்ஸின் லிங்கன் மருத்துவமனை அதை எடுத்துக்கொண்டது. மின்சாரம் போனது, காதில் 5 புள்ளிகள் நிலைத்தன: பரிவு, ஷென்மென் (சீனப் பெயர்), சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல். 1985-இல் இதற்கென ‘நாடா’ என்ற சங்கம் தொடங்கியது. ஆளுக்கு ஆள் நாடி பார்த்துப் புள்ளியை மாற்ற வேண்டியதில்லை, எல்லோருக்கும் அதே ஐந்துதான். அதனால்தான் மருத்துவர் அல்லாதவருக்கும் கற்றுத்தர முடிகிறது.

கல்லீரல் புள்ளியில் குத்தினால் கல்லீரலுக்கு ஏதோ ஆகிறது என்பதற்கு உடற்கூற்றியலில் ஆதாரம் இல்லை. பெயர்கள் மரபில் வந்தவை. ஆனால் ஒன்று உண்டு. வேகஸ் நரம்பின் ஒரு கிளை தோலுக்கு வந்து சேருவது காதில்தான். காதுத் துளையைச் சுற்றியுள்ள குழிவில் அது பரவியிருக்கிறது. ஐந்தில் மூன்று புள்ளிகள் அந்தக் குழிவுக்குள் விழுகின்றன. அங்கே மெல்லிய மின்சாரம் கொடுத்து வேகஸைத் தூண்டும் ஆய்வுகள் தனியாக நடக்கின்றன. மின்சாரம் இல்லாத வெறும் ஊசியும் அதையே செய்கிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கோகெயின் பழக்கம் உள்ள 620 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், காது ஊசிக்கும் ‘தவறான’ இடத்தில் போட்ட ஊசிக்கும், ஊசியே இல்லாமல் ஓய்வாக உட்கார்ந்து காணொளி பார்த்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறுபக்கம், போர்முனையில் மனவடு பெற்ற 93 அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில் உண்மையான அக்குபஞ்சர் போலி ஊசியை விட நன்றாக வேலை செய்தது. ஆனால் அதைச் செய்தவர்கள் முழுப் பயிற்சி பெற்றவர்கள். அது உடம்பு முழுவதும் போடும் முறை, நம் ஐந்து புள்ளி அல்ல. என் கணிப்பில், முகாமில் கிடைக்கும் பலனில் பெரும்பங்கு பாதுகாப்பாக, துணையோடு, சும்மா உட்கார்ந்திருப்பதால் வருவது. சும்மா இருக்க யாருக்கு நேரம் கிடைக்கிறது, அதுவும் பெயிண்டிங் வேலை முடிந்து இருட்டியபின் வீடு திரும்புகிறவருக்கு?

சரி, பயிற்சிக்கு வருவோம். ‘நாடா’ பயிற்சி மொத்தம் 70 மணி நேரம். அதில் 40 மணி நேரம் கைப்பழக்கம். ஐந்து புள்ளியை ஒரே மதியத்தில் மனப்பாடம் செய்யலாம். மீதி நேரம் மற்றவற்றுக்குத்தான் போகிறது. ரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாள் வரை உயிரோடிருக்கும், அதனால் ஒரு ஊசி ஒருவருக்கு ஒரே முறை. காதுக் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, சீழ் பிடித்தால் ஆறாமல் இழுக்கும். ஆகவே துடைத்துவிட்டே குத்த வேண்டும். வெறும் வயிற்றில் வருபவருக்கு மயக்கம் வரலாம், முதலில் சாப்பிட்டாரா என்று கேட்க வேண்டும். போட்ட ஊசியை எண்ணி எழுதி, எடுக்கும்போது இன்னொருவர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். முகாம் தெருவில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறார்கள். எடுத்த ஊசி நேராக, துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். 2016 மருத்துவக் கழிவு விதி சொல்வதும் அதையே.

அப்புறம் தொடுதல். சிறையோ சித்திரவதையோ பார்த்தவருக்குப் பின்னால் நின்று காதைத் தொட்டால் நல்லது செய்யப் போய் கெடுதல் நேரும். முன்னால் வந்து, ‘அக்கா, வலது காதைத் தொடப் போறேன், சரியா?’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அத்துடன் விட வேண்டும். இரண்டு ஊசி போதும் என்றால் இரண்டுதான். கதவு திறந்தே இருக்கட்டும், வாசல் தெரிகிற மாதிரி நாற்காலி போடட்டும். முகாமில் சுவர்கள் ஒட்டியவை, யார் அழுதார் என்பது ராத்திரிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாயைக் கட்டுவதும் பாடத்தில் ஒரு பகுதி.

சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஊசி வேலை அங்கேயே நிற்க வேண்டும். அவரைத் தனியே விடாமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணையும் கொடுக்க வேண்டும். குடியுரிமை, வேலை, ஓட்டை வீடு ஆகிய கவலைகளை எந்த ஊசியும் தொடாது. அதை முகாம்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை.

என்னைக் கேட்டால் ஊசியில் தொடங்கவே மாட்டேன். அதே புள்ளிகளில் சின்ன விதையைப் பிளாஸ்திரி வைத்து ஒட்டும் முறை இருக்கிறது. ரத்தம் இல்லை, கழிவுப் பெட்டி வேண்டாம். சில நாள் ஒட்டியிருக்கும், மனசு படபடக்கும்போது விரலால் அழுத்திக்கொள்ளலாம். தோல் சிவந்தாலோ அரித்தாலோ உடனே பிய்த்துவிட வேண்டும். பத்துத் தன்னார்வலர்களும் இதில் கைபழகிய பிறகு, தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர் வாராவாரம் வந்து பக்கத்தில் நிற்பார் என்பது உறுதியானால், அப்போது ஊசி டப்பாவைத் திறக்கலாம்.