ஐஎஸ்பிஎன் அடிச்சதும் வர்ற ரெக்கார்டை அப்படியே இறக்கிடாதீங்க

ஸ்கூல் லைப்ரரி வேலையில சேர்ந்த புதுசுல ஒவ்வொரு புக்கையும் கையாலயே டைப் பண்ணிட்டு இருந்தேன், ஒரு நாளைக்கு முப்பது தாண்டுனா பெரிய விஷயம். அப்புறம்தான் இசட்39.50 தெரிய வந்துச்சு, ஒரு லைப்ரரியிலேர்ந்து இன்னொரு லைப்ரரி கேட்லாக்ல தேடறதுக்கான முறை அது. கோஹா மாதிரி லைப்ரரி சாஃப்ட்வேர்ல ஐஎஸ்பிஎன் (புக்கோட அடையாள எண்) குடுத்தா போதும், அது அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் மாதிரி பெரிய லைப்ரரி கேட்லாக்ல தேடி, ரெடியா இருக்கற மார்க் ரெக்கார்டை (புக்கோட விவரத்தை எண் போட்ட கட்டங்கள்ல வைக்கற கேட்லாக் பதிவு) எடுத்துட்டு வந்துடும், காசும் கிடையாது. அந்த சந்தோஷத்துல கண்ணை மூடிட்டு இறக்க ஆரம்பிச்சேன்.

மாட்டினது எக்செல்ல. புக் லிஸ்ட்டை எக்செல்ல அடிச்சு, சிஎஸ்வியா சேவ் பண்ணி, அதை மார்க்கா மாத்தி ஏத்தினேன். 13 இலக்க ஐஎஸ்பிஎன்னை எக்செல் ஒரு நம்பரா எடுத்துக்கிட்டு 9.78E+12-ன்னு சுருக்கிடும், சேவ் பண்ணித் திரும்பத் திறந்தா 978-க்கு அப்புறம் பத்தும் பூஜ்யம், எல்லா புக்குக்கும் ஒரே நம்பர். முதல் பேட்ச்ல ஒண்ணும் தெரியல. ரெண்டாவது பேட்ச் ஏத்தும்போது ஐஎஸ்பிஎன் ஒண்ணா இருந்தா ஒரே புக்குன்னு எடுத்துக்கற மேட்சிங் ரூல் இருந்ததால, சாஃப்ட்வேர் "இது ஏற்கனவே இருக்கு"ன்னு முடிவு பண்ணி ஒண்ணு மேல ஒண்ணா எழுதிடுச்சு. அட்லஸ் பார்கோடை ஸ்கேன் பண்ணா தவளைக் கதை வருது! அன்னிலேர்ந்து ஐஎஸ்பிஎன் நெடுவரிசையை மட்டும் முதல்ல டெக்ஸ்ட்னு மாத்திட்டுதான் டைப்பே பண்றேன்.

சரியான ஐஎஸ்பிஎன்னா இருந்தாலும் நம்பிடாதீங்க. ஒரே ரெக்கார்டோட 020-ல (மார்க்ல ஐஎஸ்பிஎன் இருக்கற கட்டம்) ஹார்டுபவுண்டு, பேப்பர்பேக், முழு செட்டுன்னு நாலு நம்பர் இருக்கும், நீங்க அடிச்சது பேப்பர்பேக்கா இருந்தாலும் வர்றது வேற பதிப்போட விவரமா இருக்கலாம். புக்கைக் கையில வச்சுக்கிட்டு வருஷத்தையும் 300-ல இருக்கற பக்க எண்ணிக்கையையும் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க, அரை நிமிஷம்தான். 2007-க்கு முன்னாடி வந்த புக்குல பெரும்பாலும் 10 இலக்கம்தான் இருக்கும், முன்னாடி வெறுமனே 978 சேர்த்தா சரியாகாது, கடைசி இலக்கத்தையும் புதுசா கணக்குப் போடணும். ஐஎஸ்பிஎன்னே இல்லாத பழசுக்கு தலைப்பும் ஆசிரியர் பேரும் போட்டுத் தேடறதுதான் வழி.

ஸ்கூலுக்குன்னே இருக்கற தலைவலி 082. பெரிய லைப்ரரிக்காரங்க அதுல இருக்கற டியூயி நம்பரை (பொருள்வாரியா புக்கைப் பிரிக்கற எண்) புள்ளிக்கு அப்புறம் நீட்டிக்கிட்டே போவாங்க, அது புக் முதுகுல ஒட்டற நம்ம ஸ்பைன் லேபிள்ல எங்க அடங்கும்? நடுவுல ஒரு சாய்கோடு இருந்தா அந்த இடத்துல வெட்டிக்கலாம், அதுக்குத்தான் போட்டிருக்காங்க. 650-ல பொருள் தலைப்பு பார்க்கும்போது ரெண்டாவது இண்டிகேட்டர் (கட்ட எண்ணுக்குப் பக்கத்துல வர்ற ஒத்தை இலக்கக் குறி) 1-ன்னு இருக்கறதை விட்டுடாதீங்க, அது குழந்தைகள் புக்குக்குன்னு தனியா போட்டது. 0 மட்டும் வச்சா பெரியவங்க வார்த்தையில இருக்கும், பசங்க தேடினா கிடைக்காது.

தமிழ் புக்குன்னா இன்னொரு கூத்து. தலைப்பு 245-ல ரோமன் எழுத்துல, மேல கீழ புள்ளி கோடெல்லாம் வச்சு உட்கார்ந்திருக்கும், தமிழ் எழுத்து இருந்தா 880-ல இருக்கும், இல்லைன்னா நாமதான் டைப் பண்ணணும். பையன் தமிழ்ல அடிச்சுத் தேடிட்டு "இல்லை மிஸ்"னு போயிடுவான், புக் ஷெல்ஃப்ல சும்மா நிக்கும்.

இப்போ நான் எவ்வளவு பெரிய லிஸ்ட்டா இருந்தாலும் முதல்ல பத்து ரெக்கார்டுதான் ஏத்துவேன், தேடிப் பார்ப்பேன், ஒண்ணை இஷ்யூ பண்ணித் திரும்ப வாங்குவேன். ஏத்தினதைத் திரும்ப எடுக்க அன்டூ இருக்கேன்னு தைரியமா இருக்காதீங்க, புக் வெளிய போயிட்டா அதைச் சுத்தமா திரும்ப எடுக்கறது பெரும்பாடு.