விசைப்பலகை ஒரு மிருதங்கம்

மேஜையில் 16 அங்குல மேக்புக் ப்ரோ. அதிலிருந்து 17 சென்டிமீட்டர் தள்ளி, மடித்த துணியின் மேல் ஓர் ஐபோன் ஒலியைப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. எழுத்தும் எண்ணுமாக 36 விசைகள். ஒவ்வொன்றையும் 25 முறை, விரலையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். 2023இல் பிரிட்டனின் டர்ஹாம், சர்ரே, ராயல் ஹாலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட சோதனை இது. சத்தத்தை மட்டும் வைத்து, தட்டியது எந்த விசை என்று கணினி 95 சதவீதம் சரியாகச் சொன்னது. ஸூம் அழைப்பில் பதிவான சத்தத்திலும் 93 சதவீதம்.

நம் காதுக்கு எல்லாம் ஒரே 'டக்'தான். ஆனால் விசைகளுக்கு அடியில் கிடப்பது ஒரே தகடு. மிருதங்கத்தில் விளிம்பைத் தட்டினால் ஒரு நாதம், நடுவில் தட்டினால் வேறு நாதம்; தோல் ஒன்றுதான். தகடும் அப்படித்தான் அதிர்கிறது என்று 2004லேயே ஐபிஎம் ஆய்வாளர்கள் அசோனோவும் அகர்வாலும் காட்டிவிட்டார்கள்.

புதிய சோதனையில் ஒவ்வொரு தட்டலின் ஒலியையும் படமாக மாற்றினார்கள்: கிடைவாக்கில் நேரம், மேல்நோக்கிச் சுருதி, நிறத்தில் உரப்பு. பிறகு படங்களை அடையாளம் காணும் செயற்கை நரம்பு வலையிடம் கொடுத்தார்கள். காது செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்தது! அது தவறியபோதும் பெரும்பாலும் பக்கத்து விசையைத்தான் சொன்னது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எந்தச் சத்தம் எந்த விசையுடையது என்று முதலில் அதே மடிக்கணினியை வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதனால் எனக்கு அதிகம் கிலி தருவது 2005இல் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த பழைய ஆய்வுதான். அங்கே யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. யாரோ ஆங்கிலம் தட்டச்சு செய்த 10 நிமிட ஒலிப்பதிவு போதுமாக இருந்தது. ஒத்த சத்தங்களைக் கணினி கூட்டம் கூட்டமாகப் பிரித்தது. ஆங்கிலத்தில் அதிகம் வருவது 'ஈ'. 'க்யூ' வந்தால் பின்னாலேயே 'யு' வரும். இப்படி மொழியின் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டே, குறுக்கெழுத்துப் போல நிரப்பி, 96 சதவீதம் வரை எழுத்துகளை மீட்டது.

கடவுச்சொல்லுக்கு இலக்கணம் கிடையாதே என்று தோன்றலாம். ஆனால் சாதாரண ஆங்கிலம் தட்டும் சத்தத்தைக் கேட்டே கணினிக்கு விசைகளின் குரல் பழகிவிடுகிறது. எழுத்துகளை மனம்போனபடி கோத்த 5 எழுத்துக் கடவுச்சொற்களில் 90 சதவீதத்தை, 20க்கும் குறைவான முயற்சிகளில் அந்தக் கணினியால் ஊகிக்க முடிந்தது.

ஷிஃப்ட் விசை மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. அதை அழுத்துவது கேட்கும். மற்ற விசைகளின் சத்தத்துக்கு நடுவே விரல் எப்போது அதை விட்டது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த கடவுச்சொல்லுக்கு அதுவரை கொஞ்சம் நிழல் இருக்கிறது.