ஒரு மணிக்குள் முழு அறை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பட்டு நூல் ஜிமிக்கியும் கவரிங் மணி கோத்த ஆரமும் வீட்டிலேயே செய்து விற்கிறார். கைபேசியில் எடுத்தால் நூல் அழகாக விழுகிறது. மணிகள் மட்டும் கறுத்துப்போய், நடுவே ஒரு வெள்ளைக் கோடு பளீரென்று அடிக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் கைபேசியும் அவர் விரல்களும் தெரிகின்றனவாம். “உனக்குப் படமெடுக்கும் கைராசி இல்லை” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. உழைக்கும் பெண்ணின் கைமீது பழி போடுவதற்கு முன்னால், ஒளி என்ன செய்கிறது என்று பார்த்திருக்கலாம்.

நூலின் கதை எளிது. ஒளி இழைகளுக்குள் புகுந்து எல்லாத் திசையிலும் சிதறி வெளிவருகிறது. எங்கிருந்து பார்த்தாலும் ஏறத்தாழ அதே நிறம். பளபளக்கும் மணியோ ஒரு குவி ஆடி, அதாவது வெளியே புடைத்த கண்ணாடி. தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும். பொன்முலாம் நீல ஒளியைப் பெருமளவு விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்புவதால், வெள்ளைத் துணி அதில் பொன்னாகத் தெரியும். இருண்ட மூலை இருட்டாகவே தெரியும்.

படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று பள்ளியில் படித்திருப்போம். அதிலிருந்து ஓர் அற்புதம் பிறக்கிறது. ஆடியின் செங்குத்துக்கோடு, அதாவது அதன் பரப்புக்கு நேர்குத்தாக நிற்கும் கோடு, 1 பாகை சாய்ந்தால், நாம் பார்க்கும் திசை 2 பாகை திரும்பிவிடும். மணியின் நட்டநடுவில் செங்குத்துக்கோடு நேராகக் கைபேசியை நோக்குகிறது; அதனால் அங்கே எப்போதும் கைபேசிதான். விளிம்புக்குப் போகப் போக அது 90 பாகை வரை சாய்கிறது; பார்வையோ 180 பாகை திரும்பி, மணிக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் போய்த் தொடுகிறது. கூரை, தரை, நான்கு சுவர், கொடியில் காயும் துணி, எல்லாமே 8 மில்லிமீட்டர் மணிக்குள் அடக்கம். மணி தானே மறைக்கும் சிறு துண்டு மட்டும்தான் விடுபடும்.

இன்னும் நுணுகிப் பார்ப்போம். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஏறத்தாழ 70 சதவீதத் தூரத்தில் செங்குத்துக்கோட்டின் சாய்வு 45 பாகை. அங்கே தெரிவது நேர் பக்கவாட்டு. அந்த வட்டத்துக்குள் அடங்கும் பரப்பு, மணி முகத்தில் சரிபாதி. ஆக, அறையில் நம் பக்கம் இருப்பதற்குப் பாதி, மணிக்குப் பின்பக்கம் இருப்பதற்குப் பாதி. எந்தத் திசைக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஓர் உருண்டை இத்தனை நேர்மையாகப் பங்கு பிரிப்பதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. திரைப்பட வரைகலைக் கலைஞர்கள் படப்பிடிப்புத் தளத்தின் ஒளியைப் பதிவு செய்ய ஆடி உருண்டையைத்தான் படமெடுக்கிறார்கள். நம் பள்ளிகளிலோ குவி ஆடிக்குக் கதிர்ப்படம் வரைந்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. மிதிவண்டிக் கடையின் பேரிங் குண்டு ஒன்றைக்கூடப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. ஆய்வகத்துக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இதற்காக வெட்கப்பட வேண்டும்.

இப்போது வாசகியின் மணிக்கு வருவோம். வெள்ளைக் கோடு அவர் வீட்டு டியூப்லைட். கறுப்பு, விளக்கு எட்டாத மீதி அறை. விளக்கைக் கூட்டினால் கோடுதான் இன்னும் கூசும். தேவை, மணியைச் சூழ்ந்த பெரிய வெளிச்சப் பரப்பு. ஜன்னலோரம் ஒரு வெள்ளை வேட்டியைக் கூடாரமாகக் கட்டி உள்ளே நகையை வையுங்கள். வெயில் வேட்டியில் பட்டுச் சிதற, துணியே விளக்காகிவிடும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு நிற ஒளி கலந்தால் நூலின் நிறம் பிசகும்.

கைபேசியின் பிம்பத்தை முழுதாக ஒழிக்க முடியாது, சிறிதாக்கலாம். 15 சென்டிமீட்டர் நீளக் கைபேசி, 15 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் அந்த 8 மில்லிமீட்டர் மணியில் 2 மில்லிமீட்டருக்குத் தெரியும். 60 சென்டிமீட்டருக்கு நகர்ந்தால் அரை மில்லிமீட்டர்தான். வெள்ளைச் சார்ட் தாளில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுத்தால், ஒரு புள்ளி மட்டுமே மிஞ்சும்.

எல்லாப் பக்கமும் வெள்ளையானால் மணி தட்டையாகிப் பிளாஸ்டிக் போலத் தோன்றும். அதற்குக் கூடாரத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமும் விரலகலக் கறுப்புத் தாள் ஒன்றை நிறுத்துங்கள். 70 சதவீத வட்டத்தை ஒட்டி இருபுறமும் மெல்லிய கருங்கோடு வளைந்து விழும். உருண்டை திரண்டு எழும். கோடு தடித்துத் தெரிந்தால் தாளை இன்னும் ஒடுக்கமாக நறுக்கிக்கொள்ளலாம்.