கிழிந்த கித்தானும் ஈய வெள்ளையும்

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, சுர்சோக் அரண்மனையின் ஜன்னல்கள் நொறுங்கின. எதிரே தொங்கிய ஓர் ஆளுயர ஓவியத்தைக் கண்ணாடிச் சில்லுகள் துளைத்துக் கிழித்தன. இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி 1630களில் வரைந்த 'ஹெர்குலிஸும் ஆம்ஃபலேயும்' அது. கொலைக்குத் தண்டனையாக லிடியா நாட்டு அரசி ஆம்ஃபலேக்கு அடிமையான மாவீரன் ஹெர்குலிஸ், பெண்களோடு உட்கார்ந்து நூல் நூற்கிற கிரேக்கப் புராணக் கதை. வரைந்தவர் இவர்தான் என்பதே வெடிப்புக்குப் பிறகுதான் பரவலாக ஏற்கப்பட்டது.

ஓவியம் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒட்டுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. அங்கேதான் எக்ஸ்ரே வருகிறது. அந்தக் கால ஓவியர்களின் வெள்ளை, ஈயத்தில் செய்தது. எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் ஈய அங்கி அணிவது எதற்காகவோ, அதே காரணத்தால் இந்த வெள்ளையும் கதிரை மறிக்கும்; பிலிமில் பளிச்சென்று தெரியும். மேலே வேறு வண்ணம் பூசி மறைத்திருந்தாலும் சரி. ஹெர்குலிஸின் தலையை ஆர்ட்டெமிசியா முதலில் வேறு விதமாக வரைந்து, பிறகு மாற்றியிருக்கிறார் என்பது இப்படித்தான் வெளியே வந்தது.

அடுத்தது எக்ஸ்ரே ஒளிர்வு முறை. கதிர் ஓர் அணுவின் உள்வட்டத்து எலக்ட்ரானை உதைத்துத் தள்ளும். காலியான இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் இறங்கும். இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் இன்னொரு எக்ஸ்ரேயாக வெளிவரும். எலக்ட்ரான் இறங்கும் இந்தப் படிக்கட்டின் உயரம் ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு என்பதால், வருகிற ஆற்றலை அளந்தாலே தனிமத்தின் பெயர் தெரிந்துவிடும். பாதரசம் என்றால் செந்தூரச் சிவப்பு, இரும்பு என்றால் பெரும்பாலும் காவி மண், செம்பு என்றால் பச்சையோ நீலமோ. புள்ளி புள்ளியாக ஓவியம் முழுக்க அளந்தால் தனிமங்களின் வரைபடம் கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. அன்றைக்கு மிக விலையுயர்ந்த நிறமிகளில் ஒன்றான, ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லை அரைத்த நீலம், இந்தக் கருவிக்கு எளிதில் பிடிபடாது. அதிலிருப்பவை சோடியம், அலுமினியம், சிலிக்கான் போன்ற இலேசான தனிமங்கள். அவை வெளியிடும் கதிர் அவ்வளவு பலவீனம். காற்றே பாதியை விழுங்கிவிடும்.

அப்புறம்தான் கைவேலை: சில்லுகளையும் தூசியையும் எடுத்து, மஞ்சளித்த பழைய வார்னிஷைக் கரைத்து, கிழிசலைச் சேர்த்து, பின்புறம் புதுத் துணி கொடுத்தார்கள். 2025இல் ஓவியம் கெட்டியில் காட்சிக்கு வந்தது. பொதுவாக இத்தகைய சீரமைப்பில் உதிர்ந்த இடங்களில் மட்டுமே புது வண்ணம் தொட்டு வைப்பார்கள். அதுவும் நாளைக்கு யாராவது வேண்டாமென்றால், அடியிலிருக்கும் பழைய வண்ணம் கெடாமல் கரைத்தெடுக்கக்கூடிய வண்ணமாக இருக்கும்.