ஹெடரைக் காப்பி அடித்தால் ஃபங்ஷன் வந்துவிடாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. லினக்ஸில் ஒழுங்காக ஓடும் சி நிரல் விண்டோஸுக்குப் போனதும் தாறுமாறாக நடக்கிறது என்று ஒருவர் கொண்டுவந்தார். ஃபோல்டரைத் திறந்தால், இணையத்தில் யாரோ போட்டிருந்த யூனிஎஸ்டிடி.ஹெச் என்ற ஹெடர் கோப்பு உள்ளே கிடக்கிறது. "இந்த ஹெடர் இல்லை என்று கம்பைலர் சொன்னது, அதனால் இறக்கி வைத்தேன்" என்றார்.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஹெடருக்குள் பெரும்பாலும் ஃபங்ஷன் இருக்காது. இன்ன பெயரில் ஒரு ஃபங்ஷன் உண்டு, இன்னதை வாங்கி இன்னதைத் தரும் என்ற அறிவிப்புதான் இருக்கும். வேலை செய்யும் குறியீடு அந்தந்த இயங்குதளத்தின் லைப்ரரியில் இருக்கிறது. இந்த ஹெடர் சி மொழித் தரத்திலேயே கிடையாது, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தைச் சேர்ந்தது. அது அறிவிக்கும் ஃபோர்க் என்ற ஃபங்ஷனே விண்டோஸில் இல்லாதபோது, அறிவிப்பை மட்டும் கொண்டுவந்து வைத்தால், நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கர் அதை எங்கே போய்த் தேடும்? லிங்கர் பிழை காட்டினால்கூட நல்லதுதான். காட்டாதபோதுதான் வம்பு.

அவருடைய ஹெடரில் ஒரு மேக்ரோ (ஒரு பெயருக்குப் பதில் வேறொன்றை வைக்கும் வரி), நிரலைக் காத்திருக்க வைக்கும் ஸ்லீப் ஃபங்ஷனை விண்டோஸின் ஸ்லீப்பாக மாற்றிக்கொண்டிருந்தது. போசிக்ஸில் சிறிய எழுத்தில் தொடங்கும் ஸ்லீப்புக்குக் கணக்கு வினாடி. விண்டோஸில் பெரிய எழுத்தில் தொடங்கும் ஸ்லீப்புக்கு மில்லிவினாடி. 5 வினாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்க வேண்டிய நிரல், அந்த 5 மில்லிவினாடி ஆகிவிட, ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கம்பைலர் ஒரு வார்னிங்கூடத் தரவில்லை.

சரி, என்னதான் செய்வது? உங்களுக்கென்று ஒரு ஹெடர் எழுதுங்கள். அதில் "இத்தனை மில்லிவினாடி காத்திரு" என்று உங்கள் பெயரில் ஒரு ஃபங்ஷனை அறிவியுங்கள். விண்டோஸுக்கு ஒரு சி கோப்பு, போசிக்ஸுக்கு ஒரு சி கோப்பு. இயங்குதள ஹெடர்கள் அந்த இரண்டைத் தாண்டி வெளியே வரக்கூடாது. நிரல் முழுக்க, இயங்குதளம் பார்த்துக் குறியீட்டைப் பிரிக்கும் இஃப்டெஃப் வரிகளைத் தூவி வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களாலேயே படிக்க முடியாது.

லாங் என்ற முழு எண் வகையையும் நம்பாதீர்கள். 64-பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 8 பைட், 64-பிட் விண்டோஸில் 4 பைட். பல மதிப்புகளை ஒன்றாகச் சேர்த்துக் கோப்பில் எழுதும் ஸ்ட்ரக்டில் லாங் இருந்தால் அடுத்த இயங்குதளத்தில் படிக்கும்போது எல்லாம் இடம் மாறிவிடும். 1999 தரத்திலேயே வந்துவிட்ட ஸ்டிடின்ட்.ஹெச் இருக்கிறதே, அதிலுள்ள நிலையான அளவு வகைகளை எடுங்கள்.

அப்புறம், இன்க்ளூட் வரியில் கோப்பின் பெயரை டிஸ்கில் இருக்கிறபடியே எழுதுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காமல் விட்டுவிடும், லினக்ஸ் விடாது. இரண்டிலும் தினம் ஒருமுறையாவது பில்ட் செய்து பாருங்கள். வெளியிடுவதற்கு முந்தின நாள் விண்டோஸுக்கு மாற்ற உட்காராதீர்கள்.